யாரைப் பார்த்தாலும் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க"ன்னு சொல்றோமே, அந்த "ஒரு நாள்" எந்த நாள்?

...என்ன, ரொம்பக் கனமா பேசிட்டேனோ? மூணாவது வரிசையில ஒரு அண்ணன் கொட்டாவி விடுறாரு. சரி... ஒரு சின்ன கதைக்குள்ள போயிட்டு வந்துடலாமா? காபி வர்றதுக்குள்ள முடிச்சிடுறேன்.

விருதுநகர்ல இருந்து ஒரு தம்பி. பேரு தனபாலன். இதே ஜெர்மனியில வேற ஒரு ஊர்ல வேலை கிடைச்சு, மனைவி வளர்மதியோட வந்து இறங்குறாரு. நல்ல வேலை. நல்ல வீடு. எந்நேரமும் குழாய்ல தண்ணி வருது. விருதுநகர்க்காரருக்கு வேற என்னங்க வேணும்?

ஆள் வேணும்யா! பேச ஆள் வேணும்!

தம்பி காலையில ஆபீஸ் போயிடுறாரு. அந்தப் பொண்ணு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. வெளிய பனி. பனி என்ன பேசவா போகுது?

அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குப் போனாங்க. நம்ம ஆளுங்க பாசக்காரங்களாச்சே, சும்மா விடுவாங்களா? கிளம்பும்போது கோட்டை மாட்டிக்கிட்டே ஒவ்வொருத்தரா வந்து... "புதுசா வந்திருக்கீங்களா? விருதுநகரா? அட, எங்க சித்தி சிவகாசியிலதான் இருக்காங்க! ஒரு நாள் வீட்டுக்கு வாங்க!" அந்தப் பொண்ணுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பஸ்ல திரும்பும்போது கேட்குது: "ஏங்க, எந்த நாள்னு சொன்னாங்க?"

"அதெல்லாம் போன் பண்ணுவாங்க வளரு."

பண்ணுனாங்களா?

சிரிக்காதீங்க... சிரிக்கிறவங்கதான் பண்ணாதவங்க!

பனி போச்சு. வெயில் வந்துச்சு. போன் வரல. ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கிட்டே அந்தப் பொண்ணு சொல்லுச்சு: "என்னங்க... நம்ம வீட்டு காலிங் பெல் வேலை செய்யுதா இல்லையான்னே எனக்குத் தெரியாதுங்க. பார்சல்காரன் கூட கீழயே வச்சுட்டுப் போயிடுறான். எனக்கு டிக்கெட் போடுங்க. ஊருக்குப் போறேன்."

அழல. சண்டை போடல. தம்பி ரெண்டு வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டாரு. "திரும்பி வர எப்ப போடட்டும்?"னு கேட்டா... "அதை அப்புறம் பார்க்கலாங்க." புரியுதா உங்களுக்கு? அந்தக் கல்யாணமே அந்த "அப்புறம்"ல தொங்கிக்கிட்டு நிக்குது.

இப்ப கதைக்குள்ள ஒரு அம்மா வராங்க. பேரு உர்சுலா. கீழ் வீடு. வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவங்க. தம்பி ஞாயித்துக்கிழமை காலையில பழைய பாட்டிலையெல்லாம் கொண்டுபோய்த் தொட்டியில 'டமால் டமால்'னு போட்டுக்கிட்டு இருக்காரு. ஞாயித்துக்கிழமை சத்தமே கூடாதுங்கிற இந்த ஊர்ல பாட்டில் போடலாமா? கொலைக் குத்தம்! வந்துட்டாங்க உர்சுலா அம்மா.

"இன்னைக்கு என்ன கிழமை?"

தம்பி கையில இருந்த பாட்டிலைக் கீழ வச்சுட்டாரு. சமாதானப்படுத்தணும். வகுப்புல படிச்ச அரைகுறை ஜெர்மன்ல என்ன சொல்லுவாரு? நம்ம ஊர் ரத்தம்... தானா வந்துடுச்சு. "மன்னிச்சுக்குங்க மேடம்... ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க!"

அந்தம்மா நிமிர்ந்து பார்த்தாங்க.

"எந்த நாள்?"

"எப்ப வேணும்னாலும் வாங்க..."

"என் காலண்டர்ல 'எப்ப வேணும்னாலும்'னு ஒரு நாளே இல்லையே. சனிக்கிழமையா?"

"ச... சரிங்க."

"எத்தனை மணி?"

"சாயங்காலமா..."

"சாயங்காலம் எத்தனை மணி?"

"ஆறு!"

"வருவேன்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

தம்பி வீட்டுல சொன்னாரா? சொல்லவே இல்ல! ஏன்? அவருக்கு அது அழைப்பே இல்லைங்க. அது ஒரு வணக்கம்! அந்தம்மாவும் மரியாதைக்கு மணி கேட்டாங்கன்னு நினைச்சு மறந்தே போயிட்டாரு.

சனிக்கிழமை. தம்பி கைலியில இருக்காரு. கூடத்துல பெட்டி திறந்து கிடக்கு. வளர்மதி புடவையை மடிச்சு வைக்குது. மணி ஆறு...

டிங்... டாங்!

ரெண்டு பேரும் தூக்கி வாரிப்போட்டு எழுந்திரிக்கிறாங்க. அந்தப் பொண்ணு கேட்குது: "ஏங்க... அது என்ன சத்தம்?"

யோசிச்சுப் பாருங்க. தன் வீட்டு காலிங் பெல் சத்தம்... அந்தப் பொண்ணுக்குத் தெரியல.

கதவைத் திறந்தா கையில பூவோட உர்சுலா அம்மா. "நான் மத்தியானத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடல. இந்திய விருந்துன்னா நிறைய இருக்கும்னு கேள்விப்பட்டேன்."

வீட்டுல இருக்கிறது மத்தியான ரசம்! வளர்மதி தம்பியைப் பார்த்துச்சு பாருங்க ஒரு பார்வை... அதை நான் மேடையில செஞ்சு காட்ட முடியாது. ஆனா அந்தப் பொண்ணு, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு அடுப்பைப் பத்த வச்சிருச்சு. உப்புமா, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். கை ஓடுது, காலு ஓடுது, தம்பியை விரட்டுது: "வெங்காயத்தை நறுக்குங்க! தட்டைத் துடைங்க! முதல்ல ஒரு பேண்டைப் போடுங்க!" அந்த வீட்டுல அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாசமாச்சு!

உர்சுலா அம்மா மூணு தரம் உப்புமா வாங்கிச் சாப்பிட்டாங்க. உப்புமாவுக்கு இப்படி ஒரு மரியாதையை நம்ம ஊர்ல யாராவது பார்த்திருக்கீங்களா? கிளம்பும்போது வாசல்ல நின்னு வளர்மதிகிட்ட சொன்னாங்க: "வர்ற வியாழக்கிழமை, மூணு மணி, என் வீட்டுல கேக். நீ மட்டும் வா. இவரு வேண்டாம், பாட்டில் போடுவாரு."

கதவைச் சாத்திட்டு தம்பி பெட்டியைப் பார்த்தாரு. மெதுவா கேட்டாரு: "வளரு... செவ்வாய்க்கிழமை..."

அந்தப் பொண்ணு புடவையை எடுத்து பீரோவுல வச்சுக்கிட்டே சொல்லுச்சு: "அது எப்படிங்க முடியும்? வியாழக்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்காங்களே!"

அவ்வளவுதாங்க கதை.

அந்தப் பொண்ணைக் கூப்பிட்டவங்க நிறைய பேர். கிழமை சொன்னது ஒருத்தர்தான். அன்பு நம்மகிட்ட இல்லையா? கொட்டிக் கிடக்கு! ஆனா கிழமை இல்லாத அன்பை வச்சு ஒரு மனுஷி எத்தனை நாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பா? இன்னைக்கும் இந்த மண்டபத்துல, கடைசி வரிசையில, கோட்டைக்கூடக் கழட்டாம யாரையும் தெரியாம உட்கார்ந்திருக்காங்க சில பேர். கிளம்பும்போது அவங்ககிட்ட உங்க நாக்கு "ஒரு நாள்..."னு ஆரம்பிக்கும். நிறுத்துங்க. "சனியா, ஞாயிறா?"னு கேளுங்க. மணியைச் சொல்லுங்க. போய் அந்த வீட்டு பெல்லை அமுக்குங்க.

நம்ம சங்கத் தலைவர் மாசிலாமணி ஐயா நேத்து நான் ஊர்ல இருந்து வந்து இறங்கினதும் ஏர்போர்ட்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "ஐயா, ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வாங்க!"

ஐயா... நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் ஒரு மணி. இப்பவே வீட்டுல போன் போட்டுச் சொல்லிடுங்க!