தே என்ற ஓரெழுத்து

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குப் படிக்க வந்த காலத்தில் பஸ் கண்டக்டர்களோடு மல்லுக்கட்டியே கற்றுக்கொண்டேன். போதைப் புனர்வாழ்வு நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான். என்னை விசாரிக்க வந்த உங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இந்த வாக்குமூலத்தையும் சிங்களத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். முடியாது. தமிழில்தான் எழுதுவேன், மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொள்ளுங்கள்.

பேராதனையில் அறை எடுத்துத் தங்கி முதுகலை படித்தேன். குற்றவாளிகளின் மறுவாழ்வும் மனநலமும் என் பாடம். நீதிமன்றம் ஆறு மாதத்துக்கு அனுப்புகிறவர்களை ஒன்பது மாதம் வைத்திருந்தால் திரும்பக் கெட்டுப்போகமாட்டார்கள் என்பது என் கட்சி. இன்றைக்கும் அதுதான் என் கட்சி. அதைக் காட்ட ஒன்பது மாதம் இருந்த பன்னிரண்டு பேர் வேண்டும். பதினொருவர் கிடைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாவது ஆள் கணேஸ். மடுல்கெல்லவில் தேயிலைக் கொழுந்து லொறியில் வேலை செய்தவன், குடு பாவித்துப் பிடிபட்டவன். குடு என்றால் ஹெரோயின் என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறு மாதத்தில் ஆள் தேறிவிட்டான், அதை நான் மறைக்கவில்லை. மனைவி புஷ்பத்துக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்து தங்கவில்லை.

“இந்த வாட்டி நான் பக்கத்துல இருக்கணும் மிஸ்” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

விடுவிப்புக் குழு கூடுவதற்கு முதல் நாள் தமிழில் கேள்வி கேட்டு, பதிலைச் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. இங்கே ஏதும் குறை உண்டா என்று கேட்டேன்.

“ஒரு கொறையும் இல்ல மிஸ். தூளுதான் சரியில்ல. காலையில நல்ல தூளு இல்லாட்டி எனக்குக் கையுங் காலும் ஓடாது. வீட்டுக்குப் போனதும் மொத வேல அதுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான்.

தோட்டத்து லயன் வீட்டில் பிறந்த எவளுக்கும் இது விளங்கும். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தேயிலைத் தூளை நாங்கள் வெறும் தூள் என்றுதான் சொல்வோம். சிங்களத்தில் அது தே குடு; தே என்றால் தேயிலை, குடு என்றால் தூள். நான் குடு என்று எழுதினேன். ஓரெழுத்தை விட்டேன், நான் செய்தது அவ்வளவுதான். கை தவறவில்லை. எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

குழு இரண்டு நிமிடத்தில் மூன்று மாதம் கூட்டியது. வீட்டார் வந்து பார்ப்பதையும் நிறுத்தியது. அது நான் கேட்காதது. உங்களில் இருவர் அந்தக் குழுவில் இருந்தீர்கள், அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டீர்களா?

“நான் என்ன மிஸ் தப்பாச் சொன்னேன்?” என்று என்னிடம்தான் வந்து நின்றான்.

“ஒன்னும் இல்ல கணேஸ். பொறுத்துக்கங்க, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்” என்றேன். நம்பினான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஏழாவது வாரம், புஷ்பத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று பகல் சாப்பாட்டு மணி அடித்தபோது பின்மதில் ஏறிக் குதித்தான். கீழே ஆறு, மழைக்காலம். இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, சுகமாக இருக்கிறது.

புதிதாக வந்த, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ரிஸ்மி அன்று நான் கேள்வி கேட்டதன் ஒலிப்பதிவைக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார். நல்ல காது அவருக்கு. நான் மறுக்கவில்லை. அதற்காக உங்கள் முன்னால் அழுது காட்டுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். என் ஆய்வால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும். அது பதினொரு பேரோடேயே தேறிவிட்டது. பன்னிரண்டு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானாக வைத்துக்கொண்டது.

நிலையம் புஷ்பத்துக்கு அனுப்பிய சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்ல மடுல்கெல்லவுக்குப் போனதும் நான்தான். குடு ஆசை தாங்காமல் ஓடினான் என்று அதில் இருந்தது. அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, “அப்புடியா எழுதியிருக்காங்க அக்கா? எங்களப் பாக்க வரத்தானே ஓடுனாரு அவரு?” என்று கேட்டாள். நான் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கடிதத்தில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன்.