கம்பம் நட்டது யாரு?

...நீயே சொல்லு தம்பி, இது அடுக்குமா? என் கடை வாசல்ல வரிசையா இருபத்திரெண்டு கம்பம்! சைக்கிள் பாதையாம். புகையில்லாத ஊராம். ஒரு பைக் டாக்சி நிக்க முடியல. வண்டி நிக்காட்டி எவன் இறங்கி மீன் தின்பான்? நேத்து பத்து ஜிலேபி மீன் பொரிச்சேன், ஏழு அப்படியே கெடந்துச்சு. இப்படியே போனா அடுத்த மாசம் கடையை மூட வேண்டியதுதான். நீ பாவம், கம்பத்துக்கு நடுவுல பூந்து வந்தே... உக்காரு, உகாலிக் களி இப்ப வெந்துடும்.

என்னது? கூட்டத்துக்குப் போகலையான்னா? போகாம! சனங்களைக் கேக்காம கவுன்டி சர்க்கார் ஒரு குழி வெட்ட முடியாதே, சட்டமாச்சே. சர்ச் மண்டபத்துல கூட்டம். ஆளுக்கு ஒரு சோடா, அரை ரொட்டி. நான் ரெண்டு சோடா குடிச்சேன், அதை விடு. அந்த இன்ஜினியர் பொண்ணு, நல்ல பொண்ணு, பேச்சுதான் கொஞ்சம் நீளம்... அதையும் விடு. மேஜை மேல போர்வை அகலத்துக்கு ஒரு வரைபடத்தை விரிச்சா. "ரோட்டுக்கு ஒரு பக்கந்தான் பாதையும் கம்பமும் வரும், எந்தப் பக்கம்னு நீங்களே கோடு போடுங்க"ன்னா. ஒரு பய அசையல. எல்லாருக்கும் ரொட்டி மேலதான் கண்ணு.

நான் எந்திரிச்சேன். எதிர்க்கடைக்காரி அவினோ இருக்காளே, என் மீன் பழசுன்னு கிசுமு டவுன் பூரா சொல்லிட்டுத் திரியறவ... அவ வாசல்ல கம்பம் வந்தா நல்லாருக்குமேன்னு ஒரு நெனப்பு. பொதுநலந்தான் தம்பி! பேனாவைப் பிடுங்கி அவ பக்கமா ஒரே இழு. கீழ கையெழுத்து வேற. எல்லாரும் கை தட்டினாங்க. அவினோவும் தட்டினா! அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

நான் மேஜைக்கு மறுபக்கம் நின்னுருக்கேன், தம்பி. படம் எனக்குத் தலைகீழா கெடந்துருக்கு. படத்தைச் சரியா வைக்க வேண்டியது யாரு? நானா?

"எவன்யா இந்தப் பாதையைக் கேட்டான்"னு கவுன்டிக்குக் காரசாரமா எழுதிப் போட்டேன். பதிலுக்கு அந்தப் படத்தையே நகல் எடுத்து அனுப்பிட்டானுங்க. "அகுமு, மீன் கடை"ன்னு என் கையெழுத்து, பக்கத்துல எண்ணெய்க் கை ரேகை!

விடுவேனா? கம்பத்தை எதிர்ப்பக்கம் மாத்தச் சொல்லி மனு எழுதிருக்கேன். நூறு கையெழுத்து வேணும். இதுவரைக்கும் ஒண்ணுதான், என்னோடது. இந்தா பேனா, நீ... தம்பி? எங்க எந்திரிச்சுட்டே? உகாலி வெந்துருச்சுப்பா! ஏய், எதிர்க்கடையில போய் உக்காந்துட்டியா? அடப் பாவி!

அடியே அவினோ, சிரிச்சது போதும்டி! அவன் தின்னு முடிச்சதும் கையெழுத்து வாங்கி அனுப்பு. ஆளு கொறையுது, நீயும் ஒண்ணு போட்டுடேன்!