மூன்றரை அங்குலம்

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களை யாரும் படிப்பதில்லை, மேடம். நான் படிப்பேன். முப்பத்தொரு வருடம் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்தவன். குழாயோ தகடோ, சொன்ன அளவுக்குள் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

நேற்று ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் என்னிடம் குடி உண்டா, வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டார்கள். இரண்டும் கிடையாது. நீங்கள் மட்டும்தான் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். முட்டி ஆபரேஷன் ஆன பெண் ஓட்டுகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு பெரிய சக்கரம் என்று கேட்டீர்கள். சரியான கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

என் மனைவி மணிமேகலைக்கு வலது முட்டியை மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. அப்போது பிசியோதெரபி செய்த பெண் எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். முட்டி மாற்றியவர்கள் காருக்குள் கால் வைத்து ஏறக் கூடாது. முதலில் பின்பக்கமாக சீட்டில் உட்கார வேண்டும், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும். ஆகவே சீட் ரொம்பத் தாழ்வாகவும் இருக்கக் கூடாது, உட்காரும் உயரத்தைத் தாண்டவும் கூடாது. நான் டேப்பை எடுத்துக்கொண்டு நான்கு ஷோரூம் ஏறி இறங்கினேன். விற்பனைப் பையன்கள் சிரித்தார்கள். ஒரு சின்ன எஸ்யூவியில் சீட் தரையிலிருந்து சரியாக இருபத்தாறு அங்குலம். அவளுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. தொட்டியத்தில் அவளுக்கு வந்த வாழைத்தோட்டத்தை விற்று வாங்கினோம். வண்டி என் பெயரில் இருக்கிறது. பேப்பர் வேலைகளை எப்போதும் நான்தான் பார்ப்பேன்.

ஓட்டக் கற்றுக்கொள் என்று சொன்னதும் நான்தான். மாலையில் எதிர்வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசும். ஒரு தேவைக்கு அவள் ஓட்டட்டும் என்று நினைத்தேன். தேவை என்றால் என் தேவை என்பது சொல்லாமலே புரியும் என்றும் நினைத்தேன்.

அவள் ஸ்ரீரங்கத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே அவளோடு படித்த ஆனந்தவள்ளி, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு விடுதி நடத்துகிறாள். முதலில் வாரம் ஒரு நாள், பிறகு மூன்று. காலை ஒன்பதே காலுக்குத் திருவெறும்பூரிலிருந்து கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத் திரும்புவாள். அந்த நாட்களில் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரிட்ஜ் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அவள் வருவதற்குள் இருபத்திரண்டு முறை. கேட்டைத் திறந்தால் தெரு இருக்கிறது, மறுக்கவில்லை. வெளியே போய் எங்கே நிற்பது? தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தவரை சங்கு ஊதினால் போவேன், சங்கு ஊதினால் வருவேன். வரும்போது கதவு திறந்திருக்கும். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"தை மாசத்துலேருந்து என்னைய வார்டனா இருக்கச் சொல்றா ஆனந்தவள்ளி. ரூம் தராங்க. ஞாயித்துக்கிழமை வந்து உங்களப் பாத்துட்டுப் போறேங்க."

"பாத்துட்டுப் போறதுக்கு நான் என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கேன்?"

"அப்படிச் சொல்லலைங்க. முப்பது வருஷமா நீங்க வர்ற நேரத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப நீங்க வீட்டுலயே இருக்கீங்க. எனக்குப் பாக்க ஒண்ணும் இல்ல."

ரசம் ஊற்றினாள். நான் சாப்பிட்டேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் நடக்கவில்லை.

ஆனந்தவள்ளிக்கு வேண்டியது வண்டி ஓட்டத் தெரிந்த வார்டன். காந்தி மார்க்கெட் போக வேண்டும், ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஓட்ட முடியாவிட்டால் அந்த வேலை இல்லை. வேலை இல்லையென்றால் ரூம் இல்லை. இதை நான் ஒரு வாரம் யோசித்தேன். சாவியை ஒளித்து வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அது அடக்குமுறை, மேடம். நான் அப்படிப்பட்டவன் இல்லை. சாவி எப்போதும் கொக்கியில்தான் தொங்கியது.

பாலக்கரைப் பக்கம் லூர்து என்று ஒருவர் சக்கரம் மாற்றும் கடை வைத்திருக்கிறார். அவர்மேல் தப்பே கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சொன்னார்.

"பையனுக்கா சார்?"

"எனக்குத்தான்."

"காலேஜ் பசங்கதான் சார் இந்த சைஸ் கேப்பானுங்க. மைலேஜ் அடி வாங்கும். ஸ்டியரிங் கனத்துப்போகும். வளைக்கும்போது டயர் உள்ள உரசும்."

"உரசாம இருக்க என்ன வழி?"

"ஸ்பிரிங்குல ஸ்பேசர் வெச்சு வண்டியத் தூக்கணும். தூக்கினா வீட்டுல லேடீஸ் ஏற மாட்டாங்க சார். அப்புறம் என்னையத்தான் திட்டுவீங்க."

"எவ்வளவு தூக்கலாம்?" என்று கேட்டேன்.

புது டயர் பழையதைவிட மூன்று அங்குலம் உயரம். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதிதான், அச்சு நடுவில் இருப்பதால். ஒன்றரை. ஸ்பேசர் இரண்டு. ஆக மூன்றரை. முந்தின நாள் இரவு அவள் தூங்கும்போது முட்டியிலிருந்து குதிகால்வரை அளந்து வைத்திருந்தேன். அந்தக் கணக்குப்படி எனக்கு வேண்டியது மூன்று. அரை அங்குலம் கூடுதலாக இருப்பது நல்லது என்று தோன்றியது.

தெருவில் ஒரே கேலி. அடுத்த வீட்டு சிவசங்கர், "என்ன சார், மலைக்கோட்டைப் படியிலேயே ஓட்டிட்டுப் போயி பிள்ளையாரப் பாக்கப் போறீங்களா?" என்றார். மகள் சுபஸ்ரீ புனேயிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா, ரிட்டயர் ஆயிட்டு காலேஜ்ல சேந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். அறுபத்தொரு வயதில் கறுப்புச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போகிறவனைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். ஒரு குடும்பத்தைக் கட்டிக்காப்பதற்கு இந்த மாதிரிச் சின்ன அவமானங்களைத் தாங்கத்தான் வேண்டும்.

மணிமேகலை சிரிக்கவில்லை. முதுகைக் காட்டி நின்று உட்காரப் பார்த்தாள். மூன்று முறை வழுக்கிக் கீழே வந்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தையே வெகுநேரம் பார்த்தாள். ரோடு மோசமாக இருக்கிறது, உன் பாதுகாப்புக்குத்தான் என்றேன். பழையதை மாட்டுங்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். கேட்கவே இல்லை.

நான்காம் நாள் ஒரு சின்ன பிளாஸ்டிக் முக்காலி வாங்கி வந்தாள். அதில் நைலான் கயிறு கட்டியிருந்தது. முக்காலியில் இடது காலை ஊன்றி ஏறி, சீட்டில் உட்கார்ந்து, கயிற்றைச் சுண்டி முக்காலியை உள்ளே தூக்கிக்கொண்டாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்து வளைத்துக்கொண்டு போனாள். மாலையில் மணிக்கட்டு வீங்கியிருந்தது, தைலம் தேய்த்துக்கொண்டாள். மறுநாளும் போனாள். உண்மையைச் சொன்னால், அந்தக் கயிற்று யோசனையை நான் பாராட்டினேன். என் பிரிவில் அப்படி யோசிக்கிறவர்கள் இரண்டு பேர்கூட இல்லை.

தை பிறக்க ஒன்பது நாள் இருந்தது. அவள் இரண்டு பையில் துணி எடுத்து வைத்திருந்தாள்.

தினமும் காலையில் வண்டியைத் துடைத்து, கேட்டுக்கு வெளியே எடுத்து நிறுத்திக் கொடுப்பேன். புருஷன் செய்கிற உதவி. அன்றைக்கு வெளியே எடுக்கவில்லை. கேட்டுக்கு உள்ளே, சிமெண்டுச் சரிவிலேயே நிறுத்தினேன். டிரைவர் பக்கத்துக் கதவு சரிவு அதிகமாக இருக்கும் ஓரத்தில் வந்தது. அங்கே முக்காலியின் கால்கள் சமமாக நிற்காது. அன்று வண்டியைக் கழுவவும் செய்தேன். கழுவிய வண்டிக்குப் பக்கத்தில் தரை ஈரமாகத்தான் இருக்கும்.

நான் சமையலறை ஜன்னலில் நின்றேன். முக்காலி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுத வேண்டும். நான் உடனே போகாததற்குக் காரணம் இருக்கிறது. அவள் என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். 'என்னங்க' என்று ஒரு குரல் போதும். ஜன்னல் திறந்துதான் இருந்தது, பத்தடி தூரம். அவள் ஜன்னலைப் பார்த்தாள். நான் நிற்பதையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பையைத் தன் பக்கம் இழுத்து, போனை எடுத்து, ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டாள்.

"விழுந்துட்டேன்டி. எந்திரிக்க முடியல. அவர் இருக்காரு. பாத்துக்கிட்டுதான் இருக்காரு. நீ வா."

அதன் பிறகு வெளியே போனேன். ஈரத்தில் போன் கெட்டுவிடும் என்று வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எலும்பு முறிந்திருந்தால் அசைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், நானும் அசைக்கவில்லை. வெயில் ஏறியது. குடையை எடுத்து வந்து அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஆனந்தவள்ளி வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆனது. அந்த ஐம்பது நிமிஷமும் நாங்கள் பேசவில்லை. ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

ஆனந்தவள்ளி கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஆம்புலன்ஸக் கூப்பிடலையா அண்ணே?" என்றாள்.

"அவ என்னையக் கேக்கலையேம்மா" என்றேன். அதைத்தான் அந்தம்மா உங்களிடம் புகாராக எழுதிக் கொடுத்திருக்கிறாள். நான் அப்படிச் சொன்னது உண்மை.

எல்லாவற்றையும் அளந்துதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சொந்த வண்டிக்கு டயர் மாற்றியதற்கும், சொந்த வாசலில் நிறுத்தியதற்கும் என்ன செக்‌ஷன் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அது உங்கள் வேலை. கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. நாளை அவளை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள்.

இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்தில் வாக்கர் பிடித்து நடக்கலாமாம். பழைய பிசியோதெரபிப் பெண்ணே மறுபடி வந்து பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பட வேண்டும், அப்போதுதான் அவர்களாகவே எழுந்து நிற்கப் பழகுவார்கள் என்று சொல்லி, உயரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பதினெட்டு அங்குலம்.

வீட்டுக்குப் போய் அளந்தேன். எங்கள் கட்டில் சரியாகப் பதினெட்டு இருந்தது. நேற்று தச்சரை வரச்சொல்லி நான்கு காலுக்கும் கீழே கட்டை கொடுத்து உயர்த்திவிட்டேன். தினமும் அவளைத் தூக்கி இறக்கப் போகிறவன் நான்தானே மேடம், குனிந்தால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது.