மூன்றாவது துண்டு

தங்கச்சி: அந்த ஹெட்போனைக் கழட்டுண்ணா.

அண்ணன்: எதுக்கு?

தங்கச்சி: எனக்கும் கேட்கணும்ல.

அண்ணன்: எழுத்துப்பிழை பார்க்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன்? அதுக்குக் கண்ணு போதும். காது வேண்டாம்.

தங்கச்சி: அடேயப்பா... அப்பா ரிட்டயர் ஆன வீடியோவுக்கு இவ்வளவு ரகசியமா?

அண்ணன்: ரகசியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கேமரா தானாவே அஞ்சு துண்டா வெட்டி வெச்சிருக்கு. அதை ஒட்டி, கீழே எழுத்து போட்டு, ஒரே டிவிடியா எழுதணும். அப்பா பிளேயர்ல போட்டா எங்கேயும் நிக்காம ஓடணும். அவ்வளவுதான் வேலை.

தங்கச்சி: சரி, ஓட்டு. அன்னைக்குத்தான் லீவு தரமாட்டேன்னுட்டாங்க. இப்பவாவது பார்க்கிறேன்... இது யாரு?

அண்ணன்: யூனியன் தலைவர்.

தங்கச்சி: மைக்கை முழுங்கிடுவாரு போல இருக்கே.

அண்ணன்: ஆளைப் பார்க்காதே. எழுத்தைப் பாரு.

தங்கச்சி: பார்த்தாச்சு. 'பனி நிறைவு விழா'ன்னு போட்டிருக்கே. அப்பா மில்லுல வேலை பார்த்தாரா, ஐஸ் கம்பெனியிலயா?

அண்ணன்: ஐயோ... மூணு சுழியா?

தங்கச்சி: மூணு சுழி. மாத்து. இந்தப் படிப்புக்குத்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினாங்க.

அண்ணன்: மாத்திட்டேன், போதுமா? இப்போ இங்கே பாரு. ரெண்டாவது துண்டு முடிஞ்சு மூணாவது ஆரம்பிக்குது. ஒட்டு தெரியுதா?

தங்கச்சி: எங்கே?

அண்ணன்: அதான். தெரியக் கூடாது.

தங்கச்சி: பரவாயில்லையே... இந்தக் கோட்டு போட்டவரு?

அண்ணன்: மேனேஜர். இவர் பேச்சுல பிழை எதுவும் இல்ல. நான் பார்த்துட்டேன். அடுத்ததுக்குப் போயிடலாம்.

தங்கச்சி: இரு, இரு. நீ பார்த்த லட்சணம்தான் பனியில தெரிஞ்சுதே. 'இவரைப் போன்ற தொழிலாளி எங்களுக்குக் கிடைத்தது பெரும் பாக்கியம்'... அடடா! 'இவரிடம் நாங்கள் கற்றுக்கொண்டது ஏராளம்'... நிறுத்து.

அண்ணன்: என்ன? பிழையா?

தங்கச்சி: கொஞ்சம் பின்னாடி போ... இன்னும்... இங்கே. இவங்க ஏன் சிரிக்கிறாங்க?

அண்ணன்: சந்தோஷத்துல.

தங்கச்சி: பாக்கியம்னு சொன்னா எவனாவது தொடையைத் தட்டிச் சிரிப்பானா? இந்த ஆளைப் பாரு, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைக்கிறான்.

அண்ணன்: அது... எழுத்து கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. துண்டை ஒட்டும்போது அப்படித்தான் முன்னே பின்னே ஆகும். அதுக்கு முன்னாடி ஏதோ ஜோக் சொன்னாரு.

தங்கச்சி: எந்த ஜோக்? நீ எழுதவே இல்லையே.

அண்ணன்: நல்லா இல்ல. விட்டுட்டேன்.

தங்கச்சி: ஊரே சிரிச்ச ஜோக்கு உனக்கு மட்டும் நல்லா இல்லையா? அப்பாகூடச் சிரிக்கிறாரு பாரு.

அண்ணன்: எல்லாரும் சிரிச்சா அவரும் சிரிப்பாரு. உனக்குத் தெரியாதா? காது போனதிலிருந்து அப்படித்தானே சமாளிக்கிறாரு.

தங்கச்சி: ம்... சரி, மேலே ஓட்டு... மேனேஜர் உட்கார்ந்துட்டாரு... அப்பா மாலையோட எந்திரிக்கிறாரு... அண்ணா!

அண்ணன்: இப்போ என்ன?

தங்கச்சி: அந்த நாற்காலி காலியா இருக்கு. இப்பத்தானே உட்கார்ந்தாரு?

அண்ணன்: பாத்ரூம் போயிருப்பாரு.

தங்கச்சி: கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளயா? மேனேஜரா, மந்திரவாதியா?

அண்ணன்: அங்கே ஒரு ஒட்டு இருக்கு. அதான்.

தங்கச்சி: அது ஒட்டு இல்ல, வெட்டு. எதையோ எடுத்திருக்கே நீ.

அண்ணன்: உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.

தங்கச்சி: எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா? அந்த மில்லு ஆபீஸ்ல வேலைக்கு எழுதிப் போட்டிருந்தே இல்ல? மேனேஜரைக் காக்கா பிடிக்கிறே. அதான் 'பாக்கியம்', 'ஏராளம்'னு அவரை நல்லவராக் காட்டுறே.

அண்ணன்: யாரு, நானா? அந்த மில்லு வாசல்ல இனி நான் காலை வைக்க மாட்டேன்.

தங்கச்சி: ஏன்?

அண்ணன்: அதை விடு. அடுத்த துண்டைப் பார்ப்போம்.

தங்கச்சி: ஏண்ணா?

அண்ணன்: ஏய், ஹெட்போனைப் பிடுங்காதே... வேண்டாம், சொன்னாக் கேளு...

தங்கச்சி: கையை எடு. நான் கேட்டே ஆகணும்... 'இவருக்குக் காது போனது எங்களுக்கு ரொம்ப வசதி...' என்னண்ணா இது?

அண்ணன்: கழட்டிடு.

தங்கச்சி: 'என்ன திட்டினாலும் சிரிப்பாரு... வேணும்னா பாருங்க, இப்பக்கூடச் சிரிக்கிறாரு'... அடப்பாவி! மேடையில வெச்சா?

அண்ணன்: அவரு சொல்லச் சொல்ல அப்பா சிரிக்கிறாரு. அதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க. கேமராவோட நான் எதிர்லயே நின்னேன்.

தங்கச்சி: மிஷின் சத்தத்துலயே காதைத் தொலைச்ச மனுஷன்... அவங்க மிஷின்தானே அது!

அண்ணன்: மறுநாளே அப்பா வந்து, 'எல்லாரும் என்ன பேசினாங்கன்னு எழுத்து போட்டுக் குடுடா'ன்னாரு. நான் இதையா எழுத முடியும்? அதான் எனக்குத் தோணினதை எழுதினேன். மேனேஜர் சொல்லியிருக்க வேண்டியதை எழுதினேன்.

தங்கச்சி: சரி... வெட்டினது என்ன? அந்த நாற்காலி?

அண்ணன்: அப்பா பதிலுக்கு நன்றி சொல்ல மைக்கை வாங்கினாரு.

தங்கச்சி: அப்பா பேசினாரா! அதையா வெட்டினே?

அண்ணன்: முழுசாக் கேளு. 'மேனேஜர் சார் சொன்னதெல்லாம் சரி. ஒண்ணு மட்டும் விட்டுட்டாரு. என் காது இந்த மில்லுக்குள்ளதான் இருக்கு. போறப்ப எடுத்துட்டுப் போக முடியல. சார் பத்திரமா வெச்சுக்கணும்'னாரு.

தங்கச்சி: நம்ம அப்பாவா இப்படிப் பேசினாரு?

அண்ணன்: கூட்டம் கப்சிப். மேனேஜர் எந்திரிச்சுப் போயிட்டாரு. யோசிச்சுப் பாரு, கீழே 'பாக்கியம்'னு எழுத்து ஓடுது, அடுத்து அப்பா இப்படிப் பேசினா? பாராட்டினவரையே குத்திக் காட்டின மாதிரி இருக்காது? போட்டுப் பார்த்தா அவருக்கே சங்கடம். அதான் எடுத்தேன்.

தங்கச்சி: அண்ணா... அப்பாவுக்கு ஏதாவது கேட்டிருக்குமோ?

அண்ணன்: எப்படிக் கேட்கும்? இடி விழுந்தாக்கூடத் திரும்ப மாட்டாரு. மனசுல இருந்ததைச் சொல்லியிருப்பாரு, அவ்வளவுதான்... ஏய், அப்பா வர்றாரு. மூஞ்சியை மாத்து.

தங்கச்சி: என்னால முடியல.

அண்ணன்: சிரி. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டு.

அப்பா: என்ன, ரெண்டு பேரும் உட்கார்ந்தாச்சா? வேலை முடிஞ்சுதா?

தங்கச்சி: காட்டிட்டேன்... அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சா...

அண்ணன்: சிரிச்சுக்கிட்டே பேசு. எல்லாரும் பாராட்டினாங்கன்னு நினைச்சுட்டு அப்பா நிம்மதியா இருக்கட்டும்.

அப்பா: என் மாலை நல்லா விழுந்திருக்கா படத்துல?

தங்கச்சி: தலையை ஆட்டுண்ணா... வெட்டின துண்டை என்ன பண்ணப் போறே?

அண்ணன்: இன்னைக்கே அழிச்சுடறேன். தடயமே இருக்கக் கூடாது.

அப்பா: அழிக்காதே.

தங்கச்சி: அப்பா?

அப்பா: எதுக்கு ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிறீங்க?

அண்ணன்: அப்பா... நாங்க பேசுறது... உங்களுக்குக் கேட்குதா?

அப்பா: கேட்கல. தெரியுது. வாயைப் பார்த்தே பழகிடுச்சு. எதிர்ல நின்னு மெதுவாப் பேசினா முக்கால்வாசி புரியும்.

தங்கச்சி: அப்புறம் எதுக்கு எழுத்து போடச் சொன்னீங்க?

அப்பா: மத்தவங்கெல்லாம் மைக்கை வாயை மறைச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. என்ன சொன்னாங்கன்னு ஆசையா இருந்துச்சு. மேனேஜர்தான் மைக்கை நெஞ்சுகிட்ட வெச்சுப் பேசினாரு. அவருக்கு எழுத்தே வேண்டாம்.

அண்ணன்: எல்லாம் தெரிஞ்சுதான் சிரிச்சீங்களா?

அப்பா: அடுத்தது என் முறைதானேன்னு சிரிச்சேன்.

தங்கச்சி: எங்ககிட்டகூடச் சொல்லலையேப்பா... ஏன்?

அப்பா: சொன்னா நீங்களும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் பேச ஆரம்பிச்சுடுவீங்களோன்னுதான்... அழாதே, உன் வாய் கோணுது, எனக்குப் புரியாது. டேய், மேனேஜர் பேசினதை அப்படியே எழுதுடா. அதை மாத்திட்டா, நான் சொன்ன பதில் எதோடயும் ஒட்டாது.