கதவுக்கு ஒரு தாள் பாக்கி

எனக்குக் கூடைப்பந்து ஆடத் தெரியாது. விசாரணைக் குழுவில் இருக்கும் உங்கள் மூவரில் ஒருவர் கல்லூரி நாட்களில் நன்றாக ஆடியவர் என்று கேள்விப்பட்டேன். பந்து கையில் கிடைத்தால் யாருக்கும் தர மாட்டார் என்றும் சேர்த்துத்தான் கேள்விப்பட்டேன். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வெறும் புள்ளியியல் ஆசிரியர். அணிப் பொறுப்பாளர் பதவியை வேறு யாரும் ஏற்காததால் என் தலையில் கட்டினார்கள். பேருந்து ஏற்பாடு செய்வது, தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து சேர்ப்பது, யார் எத்தனை கூடை போட்டார்கள் என்று குறிப்பேட்டில் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. அப்படி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் கதவைக் கண்டுபிடித்தேன்.

கதவு என்பது பையன்கள் வைத்த பெயர். ஆறடி இரண்டங்குலம், அகலமான தோள், ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறவனின் முகம். ஒரு ஆட்டத்தில் இரண்டு கூடை போட்டால் அதிசயம். அணியில் ஹீரோ என்று இன்னொருவன் இருந்தான். முப்பது புள்ளி எடுப்பான், எடுத்ததும் தலைமுடியைக் கோதுவான், அரங்கமே கைதட்டும். அந்தக் கூடை எப்படி விழுந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஹீரோவைத் துரத்தி வருகிறவனின் வழியில் கதவு போய்ச் சும்மா நின்றிருப்பான். வந்தவன் இவன் நெஞ்சில் முட்டி நிற்பான். அந்த ஒரு விநாடியில் ஹீரோ சாவகாசமாக எறிவான். எதிரணியின் பந்து கூடையில் பட்டுத் திரும்பும்போதும் கதவு குதிக்க மாட்டான். குதிக்க வந்தவனை முதுகால் தள்ளி நிறுத்திக்கொண்டிருப்பான். பந்தை வேறொருவன் எடுப்பான், பெயரும் அவனுக்கே. தரையில் உருளும் பந்தின் மேல் விழுவது, பின்னால் ஆள் வருகிறான் என்று கத்துவது, ஹீரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் சமாதானம் செய்வது, எல்லாம் கதவுதான். பயிற்சியாளர் அவனைப் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வைத்திருந்தார்.

ஒரு பருவம் முழுக்கக் கணக்கெடுத்தேன். கதவு களத்தில் இருக்கும்போது நம் அணி சராசரியாகப் பதினொரு புள்ளி முன்னால். அவன் உட்கார்ந்ததும் ஆறு புள்ளி பின்னால். ஹீரோ இருப்பதாலும் இல்லாததாலும் வரும் வித்தியாசம் வெறும் இரண்டு. மூன்று முறை சரிபார்த்துவிட்டு, ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாட்கள் குறைவு. பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் நல்ல மனிதர், எண்களைக் கண்டால் பயப்படுவார். அடுத்த ஆட்டத்திலிருந்து கதவு முழு நேரமும் ஆடினான். ஒன்பது வருடமாகக் கண்ணில்கூடப் படாத கோப்பையை அந்த வருடம் தூக்கிக்கொண்டு வந்தோம். முதல்வர் அறையில் மாட்டியிருக்கும் புகைப்படத்தில், இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறவன்தான் அவன்.

ஆனால் அது அவனுக்கு இறுதியாண்டு. தேர்வு முடிந்ததும் போய்விடுவான். கல்லூரி விதி உங்களுக்குத் தெரியும். ஒரு தாள் அரியர் இருந்தாலும் அவன் மாணவன்; மாணவனாக இருக்கிறவரை, இருபத்தைந்து வயது ஆகும்வரை, அணியில் ஆடலாம். புள்ளியியல் தாளுக்குக் கேள்வி எழுதுவதும் நான்தான், விடை திருத்துவதும் நான்தான்.

முதல் தடவை நான் எதையும் அடிக்கவில்லை. மதிப்பெண்களைக் கூட்டும்போது ஒரு பக்கம் விட்டுப்போனது. எந்த ஆசிரியருக்கும் நடப்பதுதான். விட்டுப்போனதை அப்போதே கவனித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; உண்மை பேச உட்கார்ந்த பிறகு அரைகுறை எதற்கு. தேற நாற்பது வேண்டும், முப்பத்தைந்து வந்தது. ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் அவனுக்கு வேலை தயாராக இருந்தது. பட்டச் சான்றிதழோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

"பரவால்ல சார், எனக்குத்தான் மண்டையில ஏறல. நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. அடுத்த வருஷம் எழுதிடறேன்," என்றான்.

எனக்கு அவன் ஆறுதல் சொன்னான். ஆளைப் பாருங்கள்.

அடுத்த வருடம் இரண்டாவது கோப்பை. தேர்வில் அவன் கூடுதலாக வாங்கி எழுதிய தாள்கள், விடைத்தாளோடு நூலில் கட்டியிருந்தவை, அவிழ்ந்துவிட்டன. நூல் தானாக அவிழாது என்பது உங்களுக்கும் தெரியும். இதற்கிடையே அவன் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றப் போய்க்கொண்டிருந்தான். அதில் தொடைகள் நன்றாக இறுகிவிட்டன. மோத வந்தவர்கள்தான் இப்போது விழுந்தார்கள். நல்ல முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

ஆனாலும் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. விடைத்தாளில் கைவைப்பது ஆசிரியருக்கு அழகல்ல. அதனால் மூன்றாம் வருடம் அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்கு வருவான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுவோம். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வான். திட்ட விலக்கம் என்று ஒரு கணக்கு உண்டு. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதற்கான அளவு. அதற்கு ஐந்து படிகள். ஐந்தாவதாக வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அவனுக்கு நான் நான்கு படிகள்தான் சொல்லிக் கொடுத்தேன். கேள்வித்தாளில் முக்கால்வாசி அந்தக் கணக்காகவே பார்த்து வைத்தேன். அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல், நான் சொன்னபடியே எழுதியிருந்தான். அந்த வருடம் நான் போட்ட மதிப்பெண்ணில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியாது. முப்பத்தொன்று. கோப்பையும் மூன்றாவது தடவையாக வந்தது.

என் மனைவிக்கு இது பெரிய கேலியாகப் போய்விட்டது. "ஒரு பையனை ஒரு பேப்பர்ல பாஸ் பண்ண வைக்க முடியல. உங்களை எவன் வாத்தியார்னு வேலைக்கு எடுத்தான்?" என்று அவன் முன்னாலேயே கேட்டாள்.

"சார் நல்லாத்தான்மா சொல்லித் தர்றாரு. நான்தான் மக்கு," என்றான் அவன், காபியைக் கீழே வைத்துவிட்டு.

எனக்கு விழ வேண்டிய அடியைக் குறுக்கே வந்து அவன் வாங்கிக்கொண்டான். இந்த விவகாரத்தில் எனக்கு நேர்ந்த ஒரே நஷ்டம், நல்ல ஆசிரியன் என்ற பெயர் என் வீட்டிலேயே போனதுதான்.

காரியத்தைக் கெடுத்தது அவன் தங்கை. வேறொரு கல்லூரியில் இதே பாடத்தைப் படித்து முதல் முயற்சியிலேயே தேறியவள். போன திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்கு வந்து, அண்ணனின் நோட்டை என் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"இதுல வர்க்கமூலம் எங்க சார்?"

"விட்டுப்போயிருக்கும்மா."

"நூத்திப் பன்னெண்டு கணக்கு போட்டிருக்கான். நூத்திப் பன்னெண்டுலயும் அதே இடத்துலயா விட்டுப்போகும்?"

நல்ல கேள்வி. என் வகுப்பில் இத்தனை வருடத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. பாராட்டலாம் என்று வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"புத்தகத்துல வேற மாதிரி இருக்கேன்னு அவன்கிட்ட காட்டினேன். சார் சொன்னா சரியாத்தான் இருக்கும், வாயை மூடுன்னு கத்தினான். என்னை அவன் அதுவரைக்கும் திட்டினதே இல்ல. தான் மக்குன்னு சொல்லிச் சொல்லி, இப்ப கிடங்குல பெட்டி எண்ணினாக்கூட எனக்கு போன் பண்ணி, சரியான்னு கேக்கறான் சார்."

இது எனக்குப் புதுச் செய்தி. வருத்தமாகத்தான் இருந்தது. களத்தில் எதிரணியின் ஐந்து பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லக்கூடியவன் அவன். அவள் அழுதாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நேராக முதல்வரிடம் போய் மூன்று வருட விடைத்தாள்களையும் கேட்டாள். அதனால்தான் நீங்கள் மூவரும் இந்த வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆகவே எழுதித் தருகிறேன். மூன்று தடவையும் அவனைத் தேறவிடாமல் செய்தது நான். தெரிந்தே செய்தேன். வேலை போனதும், மூன்று வருடம் போனதும், அவன் தன்னை மக்கு என்று நம்புவதும் என்னால்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தக் கல்லூரியில் அவன் அருமை தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களாக இருந்தால் போனால் போகட்டும் என்று அவனைச் சுலபமாக விட்டிருப்பார்கள்.

மதிப்பெண்ணைத் திருத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய தேதியில் மட்டும் திருத்த வேண்டாம். அப்படிச் செய்தால் அவன் மூன்று வருடத்துக்கு முன்பே பட்டதாரி ஆகிவிடுவான், பின்னால் வாங்கிய இரண்டு கோப்பைகளும் செல்லாமல் போகும். மற்றப் பையன்கள் பாவம், கஷ்டப்பட்டு ஆடியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். அவனுக்கு இதுவரை எதுவும் தெரியாது. உங்கள் முடிவு வந்த பிறகு சொல்லலாம் என்று தங்கை காத்திருக்கிறாள். இந்த வருட இறுதி ஆட்டம் சனிக்கிழமை. தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் பையன் மனம் உடைந்துபோவான், அவன் நன்மைக்காகத்தான் கேட்கிறேன். அவன் இல்லாமல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்பது புள்ளியில் தோற்கிறோம்.