ஆறு மணி டெலிபோனை எடுத்த ஆல்வின் பெட்சோல்ட்

மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே! நகர நீர்த்துறை இயக்குநர் ஐயா அவர்களே! கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஹெட்விக் அம்மையார் அவர்களே! கடைசி வரிசையில் ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு நிற்கும் தோழர்களே! நீங்கள் அதை அணைக்க வேண்டாம். கியூபாவுக்குப் போகும் ரஷ்யக் கப்பல்கள் திரும்பினவா இல்லையா என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எகோன் ரூல்கே. எல்லைக் கால்வாயின் நீரேற்று நிலையத்தில் பதினொரு வருடம் மறைந்த நம் மாஸ்டருக்குக் கீழே வேலை பார்த்தவன். மேடையேறிப் பழக்கமில்லை. மன்னியுங்கள்.

மதகு மாஸ்டர் ஆல்வின் பெட்சோல்ட்! இந்தப் பெயர் எந்தப் பத்திரிகையில் வந்தது? எந்தத் தளபதிக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது! ஆனால் நம் பெர்லினை இரண்டாக வெட்டி நடுவே சுவர் எழுப்பிய பிறகும், அந்தச் சுவருக்கு அடியில் கால்வாய் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? கிழக்கே அவர்கள் பக்கம் ஒரு மதகு, மேற்கே நம் பக்கம் ஒரு மதகு. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு டெலிபோன் கம்பி. காலை ஆறு மணிக்கு மணி அடிக்கும். அவர்கள் நீர்மட்டத்தைச் சொல்வார்கள், நாம் நம்முடையதைச் சொல்வோம். எண்ணைத் தவிர ஒரு சொல் பேசக் கூடாது. வணக்கம்கூடக் கிடையாது.

அந்தப் பக்கம் பேசுவது ஒரு பெண். தொண்டை கட்டிய குரல். பெயர் தெரியாது, முகம் தெரியாது. எட்டு வருடம் அந்தக் குரலை நம்பி மாஸ்டர் மதகைத் திறந்தார், மூடினார்.

போன வருடம் அக்டோபரை மறந்திருக்க மாட்டீர்கள். அமெரிக்க டாங்கியும் ரஷ்ய டாங்கியும் நம் தெருவில் எதிரெதிரே நின்ற அந்தக் காலை! விடாத மழை. ஆறு மணிக்கு அந்த அம்மாள் சொன்ன எண் நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றைத் தாண்டினால் இரண்டு பக்கமும் நிலவறைகளில் தண்ணீர் ஏறிவிடும். ஆனால் எல்லையோரம் எதையும் தொடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சக்கரத்தைத் திருகினார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ், என்னய்யா திறக்கிற? யாரு சொன்னா?"

"அந்தப் பக்கத்து அம்மா சொன்னாங்க."

"கம்யூனிஸ்ட் பொம்பள சொன்னதை நம்பியா?"

"சந்தேகமா இருந்தா கீழ எறங்கி நில்லுங்க சார். முழங்காலுக்கு வந்ததும் நம்புவீங்க."

சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்திலும் ஒரு நிலவறைகூட முழுகவில்லை என்பது மட்டும் உண்மை.

இனி சொல்லப்போவதை ஹெட்விக் அம்மையார் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிப்ரவரியில் ஒரு காலை, அந்த அம்மாள் எண்ணைச் சொல்ல முடியாமல் இருமினார். மாஸ்டர், "வெந்நியில தேன் விட்டுக் குடிங்கம்மா" என்று சொல்லிவிட்டார். எண் அல்லாத ஒரே வாக்கியம்! அதை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்த பாவி யார்? நான்தான்! ஆம், நான்தான்! நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதி என்னையும் சேர்த்து மாட்டிவிடுவானோ என்ற பயம். மாஸ்டரை மூன்று வாரம் வேலையைவிட்டு நிறுத்தினார்கள். திரும்பி வந்த அன்று என்னைக் கூப்பிட்டார்.

"டேய் எகோன், தேன்னு எழுதினியா, சக்கரைன்னு எழுதினியா?"

"தேன்னுதான் எழுதினேன், மாஸ்டர்."

"அப்ப சரி. பொய் எழுதலை. போ, பம்புக்கு எண்ணெய் போடு."

அவ்வளவுதான் ஐயா! திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை, கியூபாவைச் சுற்றி அமெரிக்கா கடலை மறிக்கப்போகிற செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்தார். ஆறு மணிக்கு எண்ணை வாங்கினார், எண்ணைச் சொன்னார். மதியம் சக்கரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி.

புதன்கிழமை ஆறு மணிக்கு டெலிபோன் அடித்தது. எதிரே நான் நிற்கிறேன். நிலைமை சரியாகும்வரை எடுக்காதே என்று உத்தரவு. இருபது முறை அடித்து நின்றது. இன்று காலை நாற்பது முறை அடித்தது. எண்ணிக்கொண்டே நின்றேன் தோழர்களே, மரம்போல நின்றேன்! அதன் பிறகு டெலிபோன் அறையையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நம் விதிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது? மூன்று நாள் பதில் இல்லையென்றால் மதகை அடைத்துவிட்டு மேலிடத்துக்குத் தகவல் சொல். அவர்கள் கையில் இருப்பதும் அதே புத்தகம்தானே! போருக்கு முன்பு நாம் ஒரே துறையாக இருந்தபோது அச்சடித்தது. நகரத்தைப் பிரித்தவர்கள் புத்தகத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். நாளை மூன்றாம் நாள். நாளையும் நாம் எடுக்காவிட்டால் அந்த அம்மாள் விதிப்படி தகவல் சொல்வார். யாரிடம்? அவர்கள் மேலிடம் இன்று சிப்பாய்கள் அல்லவா! மேற்கே டெலிபோனை எடுக்க ஆளில்லை, ஏதோ தொடங்கிவிட்டது என்று அவர்கள் நினைக்க மாட்டார்களா? இந்த வாரத்தில், இந்தக் கப்பல்கள் கடலில் நிற்கும்போது, அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? அவர்கள் எடுக்காமல் இருந்தால் நாம் என்ன நினைப்போம்?

எனக்குப் பயமாக இருக்கிறது. மறைக்க மாட்டேன். என் வீட்டில் நேற்றிலிருந்து ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கி அடுக்குகிறார்கள். ஆனால் மாஸ்டருக்கு மாலை போட்டுவிட்டு அவர் வேலையைக் கைவிடுவது எந்த ஊர் மரியாதை? சொல்லுங்கள்!

இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்கிறேன். நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த டெலிபோனை நான் எடுப்பேன். எண்ணைக் கேட்பேன், எண்ணைச் சொல்வேன். பிறகு, "மாஸ்டர் தவறிட்டாரும்மா, இனிமே நான்தான்" என்றும் சொல்வேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது நம் மாஸ்டருக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். இயக்குநர் ஐயா, நீங்களும் எழுந்திருங்கள். எழும்போது, உங்கள் கோட்டுப் பையில் இருக்கிற அந்த அறைச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள்.