நகல் எடுக்கும் வரி

உட்கார்ந்தே சொல்கிறேனே, எனக்கு முட்டி வலி. நீங்கள் அவசரப்படாமல் எழுதிக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

மருத்துவமனையில் மருந்தளவைக் கணக்கிடும் கணினி ஸ்கிரிப்ட் எங்கள் பொறுப்பு. அதில் ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரு கணக்கை மட்டும் போடும் சின்ன நிரல் துண்டுக்கு, வெறும் எண்ணைக் கொடுத்தால் பயமில்லை. உள்ளே அதை என்ன பாடுபடுத்தினாலும் வெளியே இருப்பது அப்படியே இருக்கும். நோயாளியின் பதிவையே முழுசாக, ஆப்ஜெக்டாகக் கொடுத்தால் கதை வேறு. வீட்டுப் பத்திரத்தை ஆள் கையில் கொடுத்த மாதிரி, அவன் கிறுக்கினால் கிறுக்கியதுதான். அதனால் முதலில் நகல் எடுத்து, அந்த நகலைக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வரி வேலை.

எந்த எடையில் மருந்து வரம்பைத் தாண்டும் என்று, எடையை ஏற்றி ஏற்றிப் பார்க்கும் ஃபங்ஷன் ஒன்றை என் தங்கை புருஷன் எழுதினான். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். நாலே வருஷத்தில் எனக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தான். நல்லவன் வேறு, அதுதான் வயிற்றெரிச்சல். "மச்சான், நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றான். பார்த்தேன். நகல் எடுக்கும் வரி இருந்தது. கணினியில் அவன் பெயரிலேயே உள்ளே நுழைந்து அந்த வரியை அழித்துவிட்டேன். கடவுச்சொல் என் தங்கையின் பிறந்தநாள். "பிரமாதம் மாப்ளே" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு நாள் எல்லார் முன்னாலும் அசடு வழியட்டும், அவ்வளவுதான் நினைத்தேன்.

ஏழாம் படுக்கைக் குழந்தைக்கு நாலு வயது, பதினான்கு கிலோ. ஃபங்ஷன் ஏற்றி ஏற்றிப் பார்த்த எடை அசல் பதிவிலேயே ஏறிவிட்டதால், மறுநாள் காலை அதில் முப்பத்தெட்டு என்று இருந்தது. திரை சொன்ன அளவை நர்ஸ் ஏற்றினார். மதியத்துக்குள் குழந்தை போய்விட்டது. அதன் அப்பா வராந்தாவில் சின்னச் செருப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது.

அவனைக் கைது செய்த அன்று தங்கை ஓடி வந்தாள். "அண்ணா, அந்த வரிய எழுதினேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்றாரு. நீயாவது நம்புறியா?"

"மறந்திருப்பான்மா. மனுஷன்தானே" என்றேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

நேற்று சிறையில் அவனைப் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டான். "நான்தான் மச்சான் மறந்திருக்கேன். எழுதின மாதிரி மனசுல தோணுது, அவ்வளவுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேராக இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முப்பத்தெட்டை ஊசி போடுவதற்கு முன்பே என் திரையில் பார்த்தேன். ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நர்ஸ் கண்டுபிடித்துக் கத்துவார், மாப்பிள்ளைக்கு நன்றாகத் திட்டு விழும் என்று பத்து நிமிஷம் காத்திருந்தேன். கவனிக்க வேண்டியது அந்த நர்ஸம்மாதானே, நீங்களே சொல்லுங்கள்.